கழுவித் தின்பதா, தேடி வாங்குவதா, நாமே வளர்ப்பதா?

கீரைக் கட்டை மூன்றாவது முறையாகத் தண்ணீரில் முக்கி எடுக்கும்போதுதான் அந்தச் சந்தேகம் வரும். மண் போய்விட்டது, கண்ணுக்குத் தெரிகிறது. பூச்சி மருந்து போய்விட்டதா? அது முதல் தண்ணீரிலும் தெரியவில்லை, மூன்றாவது தண்ணீரிலும் தெரியவில்லை. இது ஒரு தடவை மனதில் விழுந்துவிட்டால் ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். சோடா உப்பில் ஊற வை. ஆர்கானிக் முத்திரை பார்த்து வாங்கு. தெரிந்த விவசாயியிடம் வாங்கு. நாலு தொட்டி வாங்கி நீயே போட்டுக்கொள். நான் இந்த நான்கையும் வெவ்வேறு காலத்தில் செய்து பார்த்தவன். சிலவற்றில் பணம் போனது, சிலவற்றில் பொழுது போனது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. பயிருக்குப் பயிர் வழியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. யாரும் அதை ஒரு வழி என்று பரிந்துரைப்பதில்லை. இருந்தாலும் ஆசையாகத் தொட்டி வைத்தவர்களில் பலர் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறார்கள். அது கழுவித் தின்பதைவிட மோசம். அதைப் பிறகு சொல்கிறேன்.

யாருக்கு என்ன ஆபத்து

பூச்சிக்கொல்லி என்று ஒரே சொல்லில் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். ஆர்கனோபாஸ்பேட் வகையை எடுத்துக்கொள்வோம். நரம்பின் சேதியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருள், வேலை முடிந்ததும் ஒரு நொதியால் உடைக்கப்பட வேண்டும். இந்த மருந்து அந்த நொதியை முடக்கிவிடும். சேதி நிற்காமல் போய்க்கொண்டே இருக்க, பூச்சி துடித்துச் சாகும். சிக்கல் என்னவென்றால், இந்த ஏற்பாடு பூச்சிக்கும் நமக்கும் பொது. அளவுதான் வித்தியாசம். முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு காற்றுக்கு எதிரே நடப்பவர் உடம்பில் ஒரு மணி நேரத்தில் ஏறுவதும், தக்காளித் தோலில் ஒட்டியிருந்து நம் தட்டுக்கு வருவதும் ஒப்பிடக்கூடிய அளவுகளே அல்ல.

உடல்நலக் கேடு பற்றிய உறுதியான சான்றுகளில் பெரும்பகுதி தெளிப்பவர்களிடமிருந்து வந்ததற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993-ல் தொடங்கிய வேளாண் நல ஆய்வு, விவசாயிகள், தெளிப்பாளர்கள், அவர்களுடைய துணைவர்கள் என ஏறத்தாழ 89,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியையும் ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியையும் கையாண்டவர்களிடம் பார்க்கின்சன் நோய் அதிகமாக இருந்தது என்ற 2011-ஆம் ஆண்டு முடிவு இந்தக் குழுவை வைத்து வந்ததுதான். மாலத்தியான், டயாசினான், கிளைபோசேட் மூன்றையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை’ பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் ஒரு பொருளால் புற்றுநோய் வரக்கூடுமா என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு தின்றால் வரும் என்பது அதன் வேலை அல்ல.

சாப்பிடுகிறவர் விஷயத்தில் சான்று கலங்கலாகத்தான் இருக்கிறது. பிரான்சில் 68,946 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2018-ல் வந்தது. ஆர்கானிக் உணவை அடிக்கடி உண்டவர்களுக்குப் புற்றுநோய் 25 விழுக்காடு குறைவு என்றது. அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 2014-ல், பிரிட்டனில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்த ஆய்வில் மொத்தப் புற்றுநோய் எண்ணிக்கையில் அப்படி எந்தக் குறைவும் தெரியவில்லை. ஆர்கானிக் வாங்குகிறவர்கள் பொதுவாக வசதியானவர்கள், உடற்பயிற்சி செய்கிறவர்கள், புகை பிடிக்காதவர்கள். பலன் எதிலிருந்து வந்தது என்று பிரித்தெடுப்பது லேசான காரியம் அல்ல. நாள்தோறும் உட்கொள்ளலாம் என்று வகுக்கும் அளவைப் பொதுவாக எப்படிக் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? விலங்குக்குத் தீங்கு தெரியாத அளவை எடுத்து நூறால் வகுக்கிறார்கள். விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரு பத்து, மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரு பத்து. நல்ல இடைவெளிதான். ஆனால் இதில் ஒவ்வொரு மருந்தையும் பெரும்பாலும் தனித்தனியாக நிறுக்கிறார்கள். நம் தட்டிலோ நாலைந்து சேர்ந்து வருகின்றன.

ஆக, என் தனிப்பட்ட அச்சம் அளவோடு இருக்கலாம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும், வீட்டில் சிறு குழந்தை இருக்கும்போதும் அதைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வது நியாயம். அச்சத்தில் காய்கறியையே குறைத்துக்கொள்வதுதான் நியாயமில்லாதது.

கழுவுதல்

கழுவுவது மலிவு, எளிது, அதற்கென்று ஒரு எல்லையும் உண்டு. மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017-ல் ஆப்பிளில் இரண்டு மருந்துகளைத் தடவி, ஒரு நாள் விட்டு, கழுவிப் பார்த்தார்கள். வெறும் தண்ணீரையும் குளோரின் கரைசலையும்விட லிட்டருக்கு 10 கிராம் சோடா உப்பு போட்ட தண்ணீர் நன்றாக வேலை செய்தது. 12 நிமிடத்தில் தயாபெண்டசோலில் 80 விழுக்காடு போனது. பாஸ்மெட்டில் 96 விழுக்காடு போக 15 நிமிடம் ஆனது. சுவாரஸ்யம் மிச்சத்தில்தான் இருக்கிறது. போகாத அந்த 20 விழுக்காடும் 4 விழுக்காடும் அந்த ஒரே நாளில் தோலைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தன. அதற்கு மேல் எத்தனை தடவை கழுவினாலும் கழுவுகிறவருக்குத்தான் களைப்பு.

இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்துகள் இன்னும் ஒரு படி மேலே. வேர் உறிஞ்சி, சாற்றோடு கலந்து, இலைக்கும் தண்டுக்கும் போய்ச் சேரும். அதைக் கழுவ முடியாது. தோல் சீவினாலும் ஓரளவுதான். தடித்த தோலை உரித்து எறிகிற ஆரஞ்சு, வாழைப்பழம் போன்றவற்றில் நிலைமை வேறு. பரிசோதனைக் கூடங்களில் பெரும்பாலும் அவற்றைத் தோலோடு சேர்த்து அரைத்துத்தான் மருந்தின் எச்சத்தை அளக்கிறார்கள். நம் வாய்க்கு வருவது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. உரித்துத் தின்பவற்றுக்காக நான் அலட்டிக்கொள்வதை விட்டதற்கு இதுவே காரணம்.

கழுவுவதில் எனக்குள்ள மனக்குறை வேறு. அது என்னை மட்டுமே காப்பாற்றுகிறது. தெளித்தவர் ஏற்கெனவே மூச்சில் வாங்கிக்கொண்டுவிட்டார். என் பாத்திரத்துத் தண்ணீர் அவரைத் தொடுவதே இல்லை.

முத்திரை பார்த்து வாங்குதல்

இதில் பலன் இருக்கிறது, அளந்தும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 23 பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் ஆர்கானிக் உணவு கொடுத்துச் சிறுநீரைச் சோதித்தார்கள். மாலத்தியான், குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லிகளின் சிதைவுப் பொருள்கள் ஏறக்குறையக் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கின. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் மீண்டும் ஏறின. 2006-ல் வெளிவந்த ஆய்வு இது. சிறியதுதான், ஆனால் தெளிவானது: வாய்வழி போவது குறைந்தால் உடம்பில் இருப்பது சில நாட்களிலேயே குறைகிறது. அதனால் நோய் குறைந்ததா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை.

முத்திரை என்றால் மருந்தே அடிக்காதது என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. செயற்கை மருந்துகளை விலக்கிவிட்டு, வேம்பு, கந்தகம், பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் ஸ்பினோசாட், செம்பு இவற்றை அனுமதிக்கிறார்கள். செம்புக்கு ஒரு கதை உண்டு. பிரான்சின் போர்டோ பகுதியில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்றுவிடாமல் இருக்க, மயில்துத்தமும் (செம்பின் உப்பு) சுண்ணாம்பும் கலந்து அருவருப்பாகத் தெளித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை என்பதை மிலார்டே என்ற தாவரவியலாளர் கவனித்து 1885-ல் எழுதினார். திருடனுக்கு வைத்தது பூஞ்சாணத்தைப் பிடித்தது. இன்றும் போர்டோ கலவை என்ற பெயரில் உலகம் முழுக்க அதுதான் ஓடுகிறது. ஆனால் செம்பு மட்குவதில்லை, மண்ணிலேயே தங்கிவிடும். ஏழு ஆண்டுகளுக்கு ஒரு ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியிருப்பது அதனால்தான்.

‘இயற்கை’ என்ற சொல்லுக்கு மயங்குகிறவர்களுக்காக ஒன்று. மேலே பார்க்கின்சன் நோயோடு சேர்த்துச் சொன்ன ரோட்டினோன் ஏதோ ஆலையில் காய்ச்சியது அல்ல. செடியின் வேரிலிருந்து எடுத்தது. பல காலம் இயற்கைத் தோட்டக்காரர்களின் செல்லப் பிள்ளையாக இருந்தது.

தெரிந்த விவசாயியிடம் வாங்குவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முத்திரை இல்லாவிட்டாலும் கேள்வி கேட்க ஆள் இருக்கிறார் என்பதே அதன் பலம். ‘மருந்து அடிப்பீர்களா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். ‘போன தடவை காய்ப்புழு வந்தபோது என்ன செய்தீர்கள்? அடித்து எத்தனை நாள் கழித்துப் பறித்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். விவரமாகப் பதில் சொல்பவர், கொஞ்சம் அடிக்கிறவராக இருந்தாலும், எனக்கு நம்பிக்கைக்குரியவர்.

நாமே வளர்த்தல்

ஒரு கணக்கோடு தொடங்குவோம். ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் என்றால் 1.6 கிலோ, மாதத்துக்கு 48 கிலோ. தொட்டியில் ஒரு தக்காளிச் செடி நன்றாக வந்தால் அதன் ஆயுளுக்கும் இரண்டு மூன்று கிலோ தரும். பத்துத் தொட்டி வைத்துக் குடும்பத்தின் காய்கறித் தேவையை முடித்துவிடலாம் என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. நிலம் இருப்பவர்கள் கதை வேறு. மாடத்திலும் மொட்டை மாடியிலும் வளர்ப்பவர்கள் எடையை மறந்துவிட்டு, எதை வளர்த்தால் எச்சம் அதிகம் குறையும் என்று யோசிக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு என் பதில் இலைகள்தான். கீரை, கொத்தமல்லி, புதினா ஆகியவற்றுக்கு மேற்பரப்பு அதிகம், சீவத் தோல் கிடையாது, சிலவற்றைப் பச்சையாகவே தின்கிறோம். கூடவே மிளகாய். வெயில் கணக்கும் இலைகளுக்கே சாதகம்: காய் தரும் செடிகளுக்கு நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும், இலைகளுக்கு நாலு மணி நேரம் கிடைத்தால் சமாளித்துக்கொள்ளும்.

தரையில் போடுகிறவர்கள் விதைக்கு முன்னால் மண்ணைச் சந்தேகப்பட வேண்டும். நாம் இன்று மருந்தை நிறுத்தினால் மண் இன்றே சுத்தமாகிவிடாது. வாகனங்களுக்கான ஈயம் கலந்த பெட்ரோல் உலகம் முழுக்க ஒழிந்தது 2021-ல்தான். பழைய சாலையோரங்களிலும் பழைய சாயம் உதிர்ந்த சுவரோரங்களிலும் விழுந்த ஈயம் மண்ணை விட்டு எங்கும் போகாது. கிழங்கிலும் இலையிலும் அது அதிகமாகச் சேரும், காய்களில் குறைவு. டிடிடி என்ற பழைய பூச்சிக்கொல்லி தடை செய்யப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆன மண்ணிலிருந்தும் அதன் எச்சத்தைப் பூசணி வகைகள் உறிஞ்சி எடுப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வழியில்லை என்றால் வெளியிலிருந்து நல்ல கலவை கொண்டுவந்து தொட்டியில் போடுவதே மேல்.

உரத்தில் ஒரு சிறு விலகல். யூரியாவையும் பூச்சிக்கொல்லியையும் ‘ரசாயனம்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது சரியில்லை. வேருக்கு நைட்ரேட் யூரியாவிலிருந்து வந்தாலும் ஒன்றுதான், மட்கிய எருவிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். எரு மண்ணின் கட்டமைப்புக்கு நல்லது, அதனால் நான் எரு போடுகிறேன். ஆனால் பச்சைச் சாணத்தைக் கீரைப் பாத்தியில் போட்டால் மருந்துக்குப் பதில் கிருமியை விதைத்த கதைதான். மண்ணைத் தொடும் பயிராக இருந்தால் மட்காத எரு இட்டதற்கும் அறுவடைக்கும் இடையே 120 நாள் வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. முளைகட்டிய பயறுகளிலும் இதே கவனம் தேவை. 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையால் பரவிய இ.கோலி என்ற குடல் கிருமித் தொற்றில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த முளைகள் வந்தது ஓர் ஆர்கானிக் பண்ணையிலிருந்து.

ஐந்தாவது வழி

இனி அந்த ஐந்தாவது. செடி வைத்து ஒன்றரை மாதம் ஆகும். மிளகாய்ச் செடியின் நுனி இலைகள் சுருளத் தொடங்கும். இலையைத் திருப்பினால் கடுகைவிடச் சின்னதாக, வெளிர்பச்சையில், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக் கூட்டம் அப்பிக்கொண்டிருக்கும். தண்டில் எறும்பு ஏறி இறங்கும். பதறிப்போய் உரக்கடைக்கு ஓடி ஒரு சின்னப் புட்டி வாங்கி வருவோம். கவனித்தால், ‘செடிக்கு மருந்து’ என்றுதான் கேட்டு வாங்குவோம். நஞ்சு என்று நம் வாயில் வராது. மூடியில் ஊற்றிக் குத்துமதிப்பாகக் கலந்து, கையுறை இல்லாமல், துணி காயும் இடத்துக்குப் பக்கத்திலேயே அடிப்போம்.

இதை ஏன் எல்லாவற்றிலும் மோசம் என்கிறேன்? சாப்பிடுகிறவராக இருந்த நாம் இப்போது தெளிப்பவரும் ஆகிவிட்டோம். சான்று கலங்கலாக இருந்த பக்கத்திலிருந்து சான்று வலுவாக இருக்கும் பக்கத்துக்கு நாமே நடந்து போகிறோம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. குளோர்பைரிபாஸை வீட்டுக்குள் அடிக்க அமெரிக்காவில் 2001 வரை அனுமதி இருந்தது. நியூயார்க்கில் அந்தக் காலத்துக் கர்ப்பிணிகளைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் தொடர்ந்தார்கள். பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தில் அது அதிகமாக இருந்த பிள்ளைகளுக்கு ஏழு வயதில் நுண்ணறிவு ஈவும் (ஐ.க்யூ.) செயல் நினைவும் குறைவாக இருந்ததை 2011-ல் வெளியிட்டார்கள். அந்தத் தாய்மாருக்கு அது பெரும்பாலும் வீட்டுக் கரப்பானுக்கு அடித்ததிலிருந்து வந்தது. காய்கறிக்கு அதில் பெரிய பங்கு இல்லை.

இன்னொன்று, காத்திருப்புக் காலம். அடித்த பிறகு இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று புட்டியிலேயே எழுதியிருக்கும். வயலில் ஒரே நாளில் பறிக்கிற விவசாயி அதைக் கடைப்பிடிக்க முடியும். வீட்டுத் தொட்டியில் நாம் தினம் நாலு மிளகாய், ஒரு கொத்து இலை என்று கிள்ளுகிறோம். ஏழு நாள் காத்திருப்பது நடைமுறையில் நடக்காது. அப்படிப் பார்த்தால் கடைக் கீரையே பரவாயில்லை.

என் முதல் மிளகாய்ச் செடியில் இதே கூட்டம் வந்தபோது வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் புகையிலையை ஊறவைத்து அடிக்கச் சொன்னார். நல்லவேளை, செய்யவில்லை. அதில் இறங்குவது நிகோட்டின். அதை உலக சுகாதார நிறுவனம் ‘மிகுந்த ஆபத்துள்ளவை’ வகுப்பில் வைத்திருக்கிறது. தோல் வழியாகவே ஏறும். போதாததற்கு, புகையிலைத் தேமல் வைரஸ் மிளகாய்க்கும் தக்காளிக்கும் தொற்றும்.

நான் செய்தது சலிப்பான வேலை. தினமும் காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன். தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே இரண்டு செங்கல் மேல் ஏற்றி எறும்பின் பாதையை அறுத்தேன். அசுவினி கழிக்கும் இனிப்புச் சாற்றுக்காக அதை எறும்பு காவல் காக்கிறது. காவல் போனால் எதிரிகள் தைரியமாக வருவார்கள். ஒன்பதாம் நாள் இலை மேல் ஒரு புது ஜந்து. கறுப்பு உடம்பு, ஆரஞ்சுப் புள்ளிகள், முதலையைக் கால் அங்குலத்துக்குச் சுருக்கியது மாதிரி. நசுக்கக் கையை ஓங்கிவிட்டேன். அது ஓர் அசுவினியைக் கவ்வி இழுப்பதைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். பொறிவண்டின் புழு. கூட்டுப்புழு ஆவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். இன்னும் பத்து நாளில் செடி நிமிர்ந்துவிட்டது. எல்லாத் தடவையும் இப்படி நடந்ததில்லை. ஒரு தடவை மாவுப்பூச்சி வந்து செடியையே பிடுங்கிப் போட வேண்டியிருந்தது. பிடுங்கிப் போடுவதும் ஒரு வைத்தியம்தான். பிழைப்புக்கு வளர்க்கும் விவசாயிக்கு அந்தச் சௌகரியம் கிடையாது, நமக்கு இருக்கிறது.

தண்ணீர் போதாதபோது லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு. சாயங்காலம் அடியுங்கள். வேம்பின் சரக்கு வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். பகலில் அடித்தால் இலை கருகும், பூவுக்கு வந்த தேனீயின் மேலும் படும். புழுவுக்குப் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியா மருந்து போதும். அது இலையோடு வயிற்றுக்குள் போனால்தான் புழுவைக் கொல்லும்.

இப்போது என் வீட்டில் பிரிவினை இப்படி. கீரை, கொத்தமல்லி, புதினா, மிளகாய் சொந்தத் தொட்டியில். தோலோடு தின்னும் பழங்களும் தக்காளியும் முடிந்தபோது முத்திரை உள்ளதாக, முடியாதபோது கடையில் வாங்கிச் சோடா உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம். உரித்துத் தின்பவை, தடித்த தோல் சீவுபவை எங்கே கிடைத்தாலும் சரி. கையில் பணம் கூடுதலாக இருக்கும் மாதத்தில் தெரிந்த விவசாயியிடம் அதிகமாக வாங்குகிறோம். அது பாதி எங்கள் உடம்புக்கு, பாதி அவர் முதுகில் ஏறாத தெளிப்பானுக்கு.

தொடங்குகிறவர்கள் தக்காளியில் தொடங்க வேண்டாம். அதற்குத்தான் நோயும் பூச்சியும் அதிகம், மனம் விட்டுப்போகும். ஓர் அகலமான தொட்டியில் தண்டுக்கீரை விதையைத் தூவி, பத்து நாள் விட்டு அடுத்த தொட்டியில் தூவுங்கள். இருபத்தைந்து முப்பது நாளில் முதல் தொட்டி தயாராகிவிடும். வேரோடு பிடுங்காமல் நாலு விரற்கடை தண்டை விட்டுக் கிள்ளினால் அதே செடி இன்னும் இரண்டு தடவை துளிர்க்கும்.